தொலைக்காட்சிக் கட்டணம் ஏன் ஏறுகிறது? மலையக வியாபாரிகள் பார்க்க வேண்டிய கணக்கு

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்து வியாபாரிகளைச் சந்திக்கும்போது அண்மைக்காலமாக என்னிடம் ஒரு கேள்வி அடிக்கடி கேட்கப்படுகிறது. "மின்சாரக் கட்டணம் கூடினால் காரணம் சொல்கிறார்கள். எரிபொருள் விலை கூடினால் செய்தியில் வருகிறது. இந்த டீவிக் கட்டணம் மட்டும் ஏன் சொல்லாமல் கொள்ளாமல் ஏறிக்கொண்டே போகிறது?" என்பதுதான் அது.

வீட்டில் மனைவி மக்கள் பார்க்கும் டீவியைப் பற்றி மட்டும் கேட்கப்படும் கேள்வி அல்ல இது. நம்மவர்களில் பலருக்கு டீவி ஒரு வியாபாரச் செலவு. சாப்பாட்டுக் கடையில் கிரிக்கெட் போட்டால்தான் மாலையில் ஆட்கள் உட்காருவார்கள். நுவரெலியாவில் தங்குமிடம் நடத்துபவர் ஒவ்வோர் அறையிலும் டீவி வைக்காவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த விடுதிக்குப் போய்விடுவார். இன்னும் சிலர் டிஷ் அன்டனா விற்பது, பூட்டிக் கொடுப்பது, ரீலோட் போடுவது என்று இதையே தொழிலாகச் செய்கிறார்கள். எனவே இந்தக் கட்டணத்தின் உள் விவரத்தைத் தெரிந்துகொள்வது அவசியம் என்று நினைக்கிறேன்.

மலையும் அன்டனாவும்

ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் பிரதான ஒளிபரப்பு நிலையம் நாட்டின் மிக உயர்ந்த இடமான, 2524 மீற்றர் உயரமுள்ள பீதுருதாலகால மலையில் அமைந்தது. ஒளிபரப்புக் கோபுரம் நமது மாவட்டத்திலேயே இருந்தும் நமது தோட்டங்கள் பலவற்றில் படம் தெளிவாக விழுவதில்லை. காரணம் எளியது. இந்த அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. இடையில் ஒரு மலை நின்றால் அதன் பின்னால் உள்ள பள்ளத்தாக்குக்கு அலை சரியாகப் போய்ச் சேராது. ஒரே தோட்டத்தில் மேல் டிவிசனில் படம் நன்றாக இருக்கும், கீழ் டிவிசனில் வெறும் புள்ளிகள் தெரியும்.

செயற்கைக்கோள் அப்படியல்ல. அது பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கிறது. அந்தத் திசையில் வானம் தெரிந்தால் போதும், லயத்துக் கூரையிலும் டிஷ் பூட்டிப் படம் பார்க்கலாம். தமிழகத்துத் தமிழ் அலைவரிசைகளும் அதன் வழியாகவே வந்து சேர்ந்தன. சிதறிக் கிடக்கும் தோட்டங்களுக்குக் கேபிள் இழுப்பது எந்தக் கம்பனிக்கும் கட்டுப்படியாகாது. பியோ ரீவி போன்ற சேவைக்கு ஸ்ரீலங்கா டெலிகொமின் தொலைபேசி இணைப்போ ஃபைபர் இணைப்போ வேண்டும்.

இதன் வியாபார அர்த்தத்தைக் கவனிக்க வேண்டும். கொழும்பில் ஒருவர் கட்டண டீவியை நிறுத்திவிட்டுச் சாதாரண அன்டனாவில் பத்துப் பன்னிரண்டு அலைவரிசைகள் பார்க்கலாம். பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ ஒரு பள்ளத்தில் இருப்பவருக்கு அந்த மாற்றுவழி இல்லை. மாற்றுவழி இல்லாத வாடிக்கையாளர் விலை கூடினாலும் விட்டுப் போகமாட்டார். விலை ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காசு எங்கே போகிறது?

நீங்கள் கட்டும் மாதாந்தக் கட்டணத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது, அலைவரிசைகளுக்கும் விளையாட்டு உரிமைகளுக்கும் கொடுக்கும் பணம். இரண்டாவது, செயற்கைக்கோள் வாடகை, பெட்டி, தொழில்நுட்பச் செலவு. மூன்றாவது, அரசாங்க வரி.

முதல் இரண்டிலும் பெரும் பகுதி வெளிநாட்டுக்கு டொலரில் போகிறது. 2022 மார்ச் மாதம் மத்திய வங்கி ரூபாவின் பெறுமதியைத் தளர்த்தியபோது டொலர் சுமார் 200 ரூபாவாக இருந்தது. மே மாதமளவில் அது 360 ரூபாவை எட்டியது. பின்னர் குறைந்து 2025இல் 300 ரூபாவை அண்டி நின்றது. அதாவது அன்று 200 ரூபாவுக்குத் தீர்ந்த அதே கடனுக்குக் கம்பனி பின்னர் 300 ரூபா தேட வேண்டியதாயிற்று. இந்தப் பின்னணியில்தான் 2022 செப்டெம்பர் 5ஆம் திகதி முதல் தொலைபேசி, இணையக் கட்டணங்களை 20 சதவீதத்தாலும் கட்டணத் தொலைக்காட்சியை 25 சதவீதத்தாலும் உயர்த்த தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு அனுமதி வழங்கியது.

வரியைப் பாருங்கள். 2022 மே மாதம் வரை 8 சதவீதமாக இருந்த வற் வரி ஜூனில் 12 ஆகவும், செப்டெம்பரில் 15 ஆகவும், 2024 ஜனவரி முதல் 18 ஆகவும் உயர்ந்தது. இடையில் 2022 ஒக்டோபரில் 2.5 சதவீத சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரியும் வந்தது.

உதாரணமாக, வரிக்கு முந்திய விலை 1000 ரூபாவாக இருந்த ஒரு பெக்கேஜை எடுத்துக்கொள்வோம். அன்று 8 சதவீத வற்றோடு 1080 ரூபா. 25 சதவீத உயர்வுக்குப் பின் அடிப்படை விலை 1250. அதன்மேல் 2.5 சதவீதம், அதற்கும் மேல் 18 சதவீதம் போட்டால் ஏறத்தாழ 1512 ரூபா வருகிறது. கம்பனி கூட்டியது 25 சதவீதம்தான், ஆனால் உங்கள் கையிலிருந்து போவது 40 சதவீதம் அதிகம். வற் வரிக்குப் பதிவு செய்யாத சிறு வியாபாரி அந்த 18 சதவீதத்தை எங்கும் கழித்துக்கொள்ள முடியாது. அது முழுவதும் அவரது செலவு.

இணையத்துக்கு மாறினால் மலிவா?

"டிஷ் வேண்டாம், இணையத்தில் நேரடியாகப் பார்க்கலாமே" என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். உலக அனுபவம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அமெரிக்காவில் கேபிள் கட்டணத்தைத் தாங்க முடியாதவர்களுக்கு மலிவான மாற்றாக 2017இல் யூடியூப் ரீவி மாதம் 35 டொலருக்கு வந்தது. 2020இல் 65 டொலர், 2023இல் 73 டொலர், 2025 ஜனவரியில் 83 டொலர் என்று அது ஏறியது. எட்டு வருடங்களில் இரண்டு மடங்குக்கும் மேல். 2025 ஒக்டோபர் இறுதியில் டிஸ்னி கம்பனியோடு அலைவரிசைக் கட்டணத்தில் தகராறு வந்தபோது இரண்டு வாரங்கள் விளையாட்டு அலைவரிசைகள் உட்படப் பலவும் அதில் தெரியாமல் போயின. காசு கட்டியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு இருந்தார்கள்.

இந்தியாவிலும் இதே கதைதான். ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 2018 முதல் 2022 வரையான ஐந்து வருடங்களுக்கு 16,347 கோடி இந்திய ரூபாவுக்கு விற்கப்பட்டது. 2023 முதல் 2027 வரையான ஐந்து வருடங்களுக்கு அது 48,390 கோடி. ஏறத்தாழ மூன்று மடங்கு. 2023இல் ஜியோ சினிமா அந்தப் போட்டிகளை இணையத்தில் இலவசமாகக் காட்டியது. ஹொட்ஸ்டாரோடு இணைந்து 2025 பெப்ரவரியில் ஜியோ ஹொட்ஸ்டார் ஆனதும் கட்டணம் வந்துவிட்டது. கடை திறந்த புதிதில் மலிவாகக் கொடுத்து ஆட்களைச் சேர்த்துக்கொண்டு பிறகு விலையைக் கூட்டுவது நமக்குத் தெரியாத வியாபார முறை அல்லவே.

இணைய வழியில் டேட்டா என்ற இன்னொரு செலவும் உண்டு. சாதாரணத் தரத்தில் மணித்தியாலத்துக்கு ஒரு ஜீ.பி. வரையும், உயர் தரத்தில் 3 ஜீ.பி. வரையும் போகும். நான்கு மணித்தியாலம் நீளும் ஓர் இருபது ஓவர் போட்டிக்கு உயர் தரத்தில் 12 ஜீ.பி. வரை ஆகலாம். ஒரு ஐ.பி.எல். பருவத்தில் 74 போட்டிகள். பெருக்கிப் பாருங்கள். 2025இல் நிறைவேற்றப்பட்ட வற் திருத்தச் சட்டம் வெளிநாட்டுக் கம்பனிகளின் இணையச் சேவைகளையும் வற் வரிக்குள் கொண்டுவர வழி செய்திருப்பதையும் மறக்கக் கூடாது.

குறுக்கு வழிப் பெட்டிகள்

மலையகத்தில் இந்திய டீ.டீ.எச். பெட்டிகள் பல வருடங்களாகப் புழங்குகின்றன. அவற்றின் சேவை இந்தியாவுக்குள் விற்பதற்கு மட்டும் அனுமதி பெற்றது. இலங்கையில் அனுமதியின்றி அவற்றை விற்பதும் ரீலோட் செய்வதும் சட்டச் சிக்கலுக்குரியது. சட்டத்தை ஒருபுறம் வைத்துக் கணக்கை மட்டும் பார்த்தாலும் அது பழைய மலிவு இல்லை. 300 இந்திய ரூபா ரீலோட் ஒன்று 2022 தொடக்கத்தில் நமது பணத்தில் சுமார் 810 ரூபா. அவ்வருட நடுப்பகுதியில் 1380 ரூபா அளவில். 2025இல் ஆயிரத்துச் சொச்சம். இதற்குமேல் இடைத்தரகரின் இலாபமும் உண்டு.

இப்போது வருடத்துக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு "ஆயிரம் சனல்" தருவதாகச் சொல்லும் இணையச் செயலிகளும் வந்துள்ளன. யாருக்கும் உரிமைப் பணம் கட்டாததால்தான் அவை மலிவு. ஒரு நாள் மூடப்பட்டால் கேட்பதற்கு ஆள் இருக்காது. ஆனால் அதை விற்ற கடைக்காரர் அதே தெருவில்தான் இருப்பார். தோட்டத்து வாடிக்கையாளர் அவரைத் தேடித்தான் வருவார். இருபது வருடம் சேர்த்த நாணயத்தைச் சில நூறு ரூபா கமிஷனுக்காகப் பணயம் வைக்கலாமா என்று சம்பந்தப்பட்டவர்கள் யோசிக்க வேண்டும்.

யார் என்ன செய்யலாம்?

சாப்பாட்டுக் கடைக்காரர் முதலில் தன் இணைப்பின் நிபந்தனைகளை வாசிக்க வேண்டும். வீட்டுப் பாவனைக்கான இணைப்பைக் கடையில் போடுவதற்குப் பொதுவாக அனுமதி இல்லை. வியாபார இணைப்புக்கு வேறு கட்டணம். பிறகு கணக்கைப் பார்க்கட்டும். மாதம் 3000 ரூபா செலவு என்றும், ஒரு தேநீரில் 20 ரூபா மிச்சம் என்றும் வைத்தால், டீவிக்காகவே மாதம் 150 தேநீர், அதாவது நாளுக்கு 5 தேநீர் கூடுதலாக விற்க வேண்டும். பஸ் தரிப்பிடத்துக்கு அருகில் உள்ள கடைக்கு இது பெரிதல்ல. தோட்டத்துச் சந்தியில் ஏழு மணிக்கு மூடும் கடைக்கு யோசிக்க வேண்டிய செலவு.

நுவரெலியாவில் தங்குமிடம் நடத்துபவருக்குக் கணக்கு வேறு. பத்து அறைக்கு மாதம் 1500 ரூபாப்படி வருடத்துக்கு 1,80,000 ரூபா. ஆனால் அறைகள் நிறைவது ஏப்ரல் வசந்தகாலத்திலும் விடுமுறை மாதங்களிலும்தான். முற்கொடுப்பனவு இணைப்பாக இருந்தால் ஆள் இல்லாத மாதங்களில் அறைப் பெட்டிகளை ரீலோட் செய்யாமல் விடலாம். ஆறு மாதம் விட்டாலே 90,000 ரூபா மிச்சம். அந்தப் பணத்தை நல்ல வைஃபை இணைப்பில் போடுவது புத்திசாலித்தனம். இப்போது வரும் விருந்தினர்களில் பலர் தம் கைத்தொலைபேசியிலேயே பார்க்கிறார்கள்.

ரீலோட் விற்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கடனுக்கு ரீலோட் போடாதீர்கள். கமிஷன் 3 சதவீதம் என்று வைத்தால் 1000 ரூபாவுக்கு 30 ரூபா. 1500 ரூபாக் கடன் ஒன்று திரும்பாவிட்டால் அதை ஈடுசெய்ய ஐம்பது பேருக்கு ரீலோட் போட வேண்டும். அரிசிக் கடன் போல் இதற்கு இலாப இடைவெளி கிடையாது.

வாடிக்கையாளரின் நிலையையும் நாம் பார்க்க வேண்டும். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அதை 1550 ஆக்கவும், வேலைக்கு வரும் நாளுக்கு மேலும் 200 ரூபா கொடுக்கவும் முன்மொழியப்பட்டது. 1500 ரூபா பெக்கேஜ் என்றால் ஏறத்தாழ ஒரு நாள் கொழுந்து பறித்த உழைப்பு முழுவதும் அதற்கே போகிறது. பெரிய பெக்கேஜைத் தலையில் கட்டினால் இரண்டு மாதத்தில் பெட்டியை மூலையில் வைத்துவிடுவார்கள். அவர்கள் உண்மையில் பார்க்கும் நாலைந்து அலைவரிசைகள் எந்தச் சிறிய பெக்கேஜில் இருக்கின்றன என்று கேட்டறிந்து அதையே கொடுங்கள். சம்பளம் போடும் பத்தாம் திகதியன்று அவர் மாதா மாதம் உங்கள் கடைக்கு வருவார். அன்றைக்கு ரீலோட்டோடு சேர்த்து ஒரு பல்பும் ஒரு வயரும் வாங்கிப் போவார். உங்கள் இலாபம் அந்தப் பல்பிலும் வயரிலும்தான் இருக்கிறது.