ஆஸ்பெர்ஜர்: இளம்வயதில் பரிசோதனைக்குப் போவதா, வேண்டாமா?

பள்ளிப் படிப்பை முடித்து, கல்லூரியிலோ முதல் வேலையிலோ இருக்கும் வயதில்தான் பலருக்கும் தங்களுக்கு ஆஸ்பெர்ஜர் இருக்குமோ என்ற ஐயம் முதன்முதலில் எழுகிறது. படிப்பில் கெட்டி, பேச்சில் தெளிவு. ஆனால் நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில் எப்போது வாய் திறப்பது என்று தெரியாது. சொல்லாமல் சொல்லும் குறிப்பு பிடிபடாது. அடுத்தவர் கவனிக்கவே கவனிக்காத மின்விசிறிச் சத்தமும் டியூப்லைட் வெளிச்சமும் இவர்களை வதைக்கும். ரயில் கால அட்டவணையோ கல்வெட்டோ கணினி நிரலோ, பிடித்த ஒன்றில் மணிக்கணக்காக மூழ்கிக் கிடப்பார்கள். போட்ட திட்டம் திடீரென்று மாறினால் அந்த நாளே குலைந்துவிடும். "கூச்ச சுபாவம்", "யாரோடும் ஒட்டாத பிள்ளை", "திமிர்" என்று உறவும் நட்பும் இத்தனை ஆண்டு சொல்லிவந்ததற்கு வேறொரு விளக்கம் இருக்கலாம் என்று தெரியவரும்போது, அதை மருத்துவரிடம் போய் உறுதிசெய்துகொள்வதா, தெரிந்தவரை போதும் என்று விட்டுவிடுவதா என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

ஆஸ்பெர்ஜர் என்பது ஆட்டிசத்தின் ஒரு வடிவம். வியன்னாவில் குழந்தை மருத்துவராக இருந்த ஹன்ஸ் ஆஸ்பெர்ஜர், சரளமாகப் பேசியும் மற்றப் பிள்ளைகளோடு சேர முடியாமல் தவித்த சில சிறுவர்களைப் பற்றி 1944இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஜெர்மன் மொழியில் இருந்த அந்தக் கட்டுரை வெளியே அதிகம் அறியப்படவில்லை. ஆட்டிசம் உள்ள மகளுக்குத் தாயான பிரிட்டிஷ் மனநல மருத்துவர் லோர்னா விங் 1981இல் எழுதிய கட்டுரைதான் அந்தப் பெயரைப் பரப்பியது. 1994இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம். கையேட்டில் ஆஸ்பெர்ஜர் தனி வகையாக இடம்பெற்றது. 2013இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பு அந்த வகையை நீக்கி, அனைத்தையும் 'ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்' என்ற ஒரே தலைப்பின் கீழ் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. பட்டியலும் 2022இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பில் அதே வழியில் சென்றது. நாஜி ஆட்சியில் ஊனமுற்ற குழந்தைகள் கொல்லப்பட்ட ஸ்பீகல்குருண்ட் மருத்துவமனைக்கு ஆஸ்பெர்ஜர் சில பிள்ளைகளை அனுப்பிவைத்தார் என்பதை 2018இல் வெளியான ஆய்வுகள் ஆவணங்களோடு காட்டிய பிறகு, அந்தப் பெயரைத் தாங்களாகவே கைவிட்டவர்களும் உண்டு.

முடிவெடுப்பவருக்கு இந்த வரலாறு முக்கியம். இன்று பரிசோதனைக்குப் போனால் அறிக்கையில் பெரும்பாலும் ஆஸ்பெர்ஜர் என்ற சொல் இருக்காது. 'ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்' என்றுதான் இருக்கும். பேச்சு வராத சிறு குழந்தையை மட்டுமே ஆட்டிசத்தோடு இணைத்துப் பார்த்துப் பழகிய குடும்பத்துக்கு அது பேரதிர்ச்சியாக இருக்கலாம். அறிக்கை வரும் முன்பே வீட்டில் இதை விளக்கி வைப்பது நல்லது.

இவ்வளவு காலம் ஏன் தெரியாமல் போனது என்பதற்குக் காரணங்கள் உண்டு. பள்ளிக்கூடம் ஒரு வகையில் பாதுகாப்பான இடம். எந்த மணிக்கு என்ன பாடம், எங்கே உட்கார வேண்டும், எதற்கு மதிப்பெண் என்பதெல்லாம் எழுதி வைக்கப்பட்டிருக்கும். மதிப்பெண் நன்றாக இருந்தால் ஆசிரியரும் பெற்றோரும் மற்றதைக் கேட்பதில்லை. விடுதி அறையில் இன்னொருவரோடு வாழ்வது, குழுவாகச் செய்யும் புராஜெக்ட், நேர்காணல், அலுவலக அரட்டை, காதல், கல்யாணப் பேச்சு என்று எழுதப்படாத விதிகள் ஒரே நேரத்தில் குவிவது பதினெட்டு வயதுக்குப் பிறகுதான். டி.எஸ்.எம். கையேடும் இதை ஏற்கிறது: அறிகுறிகள் சிறுவயதிலேயே இருந்திருக்க வேண்டும், ஆனால் சமூகச் சூழல் கேட்பது ஒருவரின் திறனை மீறும்வரை அவை முழுமையாக வெளிப்படாமல் இருக்கலாம் என்கிறது அது.

இன்னொரு காரணம், மறைத்துப் பழகுவது. மற்றவர்கள் எப்படிச் சிரிக்கிறார்கள், எத்தனை நொடி முகம் பார்க்கிறார்கள் என்று கவனித்து அதை அப்படியே செய்து காட்டுவதில் சிலர் தேர்ந்துவிடுகிறார்கள். பெண்களிடம் இது அதிகம். அமைதியாக இருக்கும் பெண் பிள்ளையை நம் வீடுகள் பாராட்டத்தானே செய்கின்றன. ஆண்கள் நால்வருக்குப் பெண் ஒருவர் என்று நெடுநாள் சொல்லப்பட்டுவந்த விகிதம், 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் மூவருக்கு ஒருவர் என்ற அளவுக்கு நெருங்கியது. பெண்கள் பலர் கணக்கில் வராமலே விடுபட்டிருக்கிறார்கள் என்று அந்த ஆய்வு சுட்டியது. மாலையில் வீடு திரும்பியதும் யாரோடும் பேச முடியாமல் படுத்துவிடும் அளவுக்குக் களைப்பு, காரணம் தெரியாத மனச்சோர்வு, இவைதான் மறைத்துப் பழகுவதன் விலை.

இணையத்தில் கிடைக்கும் கேள்வித்தாள்களில் அதிகம் அறியப்பட்டது, கேம்பிரிட்ஜில் சைமன் பேரன்-கோஹென் குழுவினர் 2001இல் வெளியிட்ட 50 கேள்விகள் கொண்ட ஏ.க்யூ. அந்த ஆய்வில் ஏற்கெனவே கண்டறியப்பட்டவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் 32 அல்லது அதற்கு மேல் பெற்றார்கள். பொதுமக்களில் 2 சதவீதம் பேரே அந்த எண்ணைத் தொட்டார்கள். எனவே மதிப்பெண் உயர்ந்திருந்தால் மருத்துவரைப் பார்க்க அது போதுமான காரணம். ஆனால் சமூகப் பதற்றமோ மனச்சோர்வோ உள்ளவரும் இதில் கூடுதல் மதிப்பெண் பெற முடியும். கேள்வித்தாளை வைத்து மட்டும் முடிவுக்கு வருவது தவறு.

முறையான பரிசோதனை வேறு மாதிரியானது. மனநல மருத்துவரோ, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுபெற்ற மருத்துவ உளவியல் நிபுணரோ, சில இடங்களில் இருவருமோ ஒன்றுக்கு மேற்பட்ட அமர்வுகளில் செய்வது அது. ஆடோஸ் என்ற கருவியில் பெரியவர்களுக்கெனத் தனிப் பகுதி உண்டு. உரையாடுவது, எழுத்தில்லாத படப்புத்தகத்தைப் பார்த்துக் கதை சொல்வது, நட்பையும் உணர்ச்சிகளையும் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்வது என்று அது போகும். மேற்கில் உருவான இத்தகைய கருவிகளை நம் ஊரில் பயன்படுத்தும் நிபுணருக்குக் கவனம் வேண்டும். பெரியவர் முன் தலை தாழ்த்தி நிற்பதை மரியாதையாகக் கற்று வளர்ந்தவர் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை என்பதை உடனே அறிகுறியாகக் குறித்துவிடக் கூடாது.

பரிசோதனையின் பெரும்பகுதி குழந்தைப் பருவத்தைப் பற்றியது. எப்போது பேசினார், எப்படி விளையாடினார், பொம்மைகளை வரிசையாக அடுக்கினாரா, திருவிழாக் கூட்டத்தில் காதைப் பொத்திக்கொண்டாரா என்று கேட்பார்கள். அம்மாவோ அப்பாவோ, ஒரு அத்தையோ பாட்டியோ இதற்குப் பதில் சொல்ல வேண்டும். நாற்பது வயதில் பரிசோதனைக்குப் போகிறவருக்கு இந்தச் சாட்சிகள் இல்லாமல் போயிருக்கலாம், அல்லது அவர்களுடைய நினைவு மங்கியிருக்கலாம். போவதென்று எண்ணமிருந்தால் இருபதுகளிலேயே போவது நல்லது என்பதற்கு இதைவிட வலுவான நடைமுறைக் காரணம் இல்லை. வீட்டில் சொல்ல விரும்பாதவர் பழைய பள்ளி அறிக்கை அட்டைகளையும் ஆசிரியர் குறிப்புகளையும் கொண்டுபோகலாம்; அதுவும் உதவும்.

உறுதியானால் கிடைப்பது என்ன? மாத்திரை அல்ல. ஆட்டிசத்தின் அடிப்படைத் தன்மைகளை மாற்றும் மருந்து எதுவும் இல்லை. ஸ்டெம் செல், உலோக நச்சு நீக்கம் என்று காசு கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கிடைப்பது, முதலில், சரியான சிகிச்சைத் திசை. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் ஆண்டுக்கணக்காகச் சிகிச்சை எடுத்தும் பலன் காணாத சிலருக்கு, அடியில் இருந்த ஆட்டிசத்தை யாரும் கவனிக்காததே காரணம். பெரியவர்களுக்கான ஆட்டிச வழிகாட்டுதலை 2012இல் வெளியிட்ட பிரிட்டனின் நைஸ் அமைப்பு, இவர்களுக்கான உளவியல் சிகிச்சை உவமைகளைக் குறைத்து, எழுத்திலும் படத்திலும் தெளிவாக, அடிக்கடி இடைவேளை விட்டு நடக்க வேண்டும் என்கிறது. கவனக்குறைவுக் கோளாறான ஏ.டி.எச்.டி.யும் சேர்ந்து இருக்கலாம். 2013க்கு முந்தைய டி.எஸ்.எம். விதிகளின்படி இரண்டையும் ஒருவருக்கே குறிக்க முடியாது என்பதால் பலருக்குப் பாதி உண்மையே சொல்லப்பட்டிருக்கிறது. ஏ.டி.எச்.டி.க்கு மருந்து உண்டு.

இரண்டாவது, தன்னைப் பற்றிய புரிதல். டேனியல் டாம்மெட்டின் கதை இதைக் காட்டும். அவர் லண்டனில் 1979இல் பிறந்தவர். அவர் பள்ளியில் சேர்ந்த காலத்தில் ஆஸ்பெர்ஜர் என்ற வகையே பட்டியலில் இல்லை, டி.எஸ்.எம். அதைச் சேர்த்தபோது அவருக்கு வயது 15. லிதுவேனியாவில் ஆங்கிலம் கற்பித்து, வீட்டிலிருந்தே இணையவழி மொழிப் பாடங்களைத் தொடங்கி, 2004 மார்ச்சில் ஆக்ஸ்ஃபோர்டில் பை எண்ணின் 22,514 இலக்கங்களை 5 மணி 9 நிமிடத்தில் மனப்பாடமாக ஒப்பித்தவர். பேரன்-கோஹென் குழுவினர் அவருக்கு ஆஸ்பெர்ஜர் இருப்பதை உறுதிசெய்தது அதே ஆண்டில், அவருடைய 25ஆம் வயதில். வாழ்க்கையைத் தாமே அமைத்துக்கொண்ட ஒருவருக்கும் அந்த விளக்கம் தேவைப்பட்டது. ஸ்காட்லாந்துப் பாடகி சூசன் பாயிலுக்குப் பிறப்பின்போது மூளை பாதிக்கப்பட்டதாகச் சிறுவயதில் சொல்லியிருந்தார்கள். ஐம்பது வயதைக் கடந்த பிறகு ஆஸ்பெர்ஜர் என்று தெரிந்தது. நிம்மதியாக இருந்தது என்றார் அவர்.

இந்த நிம்மதியைச் சிறிதாக எண்ண முடியாது. கேம்பிரிட்ஜில் ஆஸ்பெர்ஜர் பெரியவர்களுக்கான சிறப்பு மருத்துவமனையில் புதிதாகக் கண்டறியப்பட்ட 374 பேரை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வில், 66 சதவீதம் பேர் வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் தற்கொலையை எண்ணியிருந்தார்கள். இத்தனை வேதனை பெயரில்லாமலே கழிந்திருக்கிறது. அப்படிப்பட்ட எண்ணம் இப்போது இருப்பவர் ஆட்டிசப் பரிசோதனைக்காகக் காத்திருக்கக் கூடாது. 104 என்ற சுகாதார உதவி எண்ணையோ 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணையோ அழைத்து உடனே உதவி பெற வேண்டும்.

மூன்றாவது, சட்டம். இந்தியாவில் 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் இல்லை. 2017இல் நடைமுறைக்கு வந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 வகைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்றவர்களுக்கு அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடமும், அரசுப் பணிகளில் 4 சதவீத இடமும் உண்டு. அந்த நான்கில் ஒரு சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் உள்ளிட்ட பிரிவுகளுக்குப் பொதுவானது. ஆனால் மருத்துவர் உறுதிசெய்வதும் அரசுச் சான்றிதழ் கிடைப்பதும் ஒன்றல்ல. சான்றிதழுக்கு ஐசா என்ற 40 கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோல் பயன்படுகிறது; அதில் 70க்குக் கீழே பெற்றால் ஆட்டிசம் இல்லை என்றே கொள்ளப்படும். சரளமாகப் பேசி, பட்டம் வாங்கியவர் அந்தக் கோட்டைத் தொடாமலே போகலாம். சலுகைக்காக மட்டும் பரிசோதனைக்குப் போகிறவர் இதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

தனியார் வேலையில் இருப்பவருக்குப் பாதுகாப்பு இன்னும் குறைவு. தகுந்த வசதி செய்துதரும் கடமையைச் சட்டத்தின் 20ஆவது பிரிவு அரசு நிறுவனங்கள் மீதுதான் நேரடியாக வைக்கிறது. தனியார் நிறுவனங்களுக்குச் சமவாய்ப்புக் கொள்கை வெளியிடும் கடமை உண்டு. அந்தக் கொள்கையை வாங்கிப் படித்த பிறகே மேலதிகாரியிடம் பேசுவது உசிதம். இங்கிலாந்தில் வாழும் தமிழ் இளைஞருக்கு 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் தனியார் வேலையிலும் துணை நிற்கும். அங்கே சிக்கல், பொது மருத்துவமனையில் பரிசோதனைக்கான நீண்ட காத்திருப்பு.

தயக்கங்களில் பெரியது கல்யாணம். பரிசோதனைக்குப் போகிறவருக்கு மட்டுமல்ல, தங்கைக்கும் வரன் தட்டிப்போகுமோ என்று வீடு அஞ்சும். அச்சம் பொய்யல்ல. ஆனால் பரிசோதனை செய்துகொள்வது வேறு, அதை வெளியே சொல்வது வேறு. அறிக்கை பரிசோதனை செய்துகொண்டவருடையது, மருத்துவர் அதை ரகசியமாக வைக்கக் கடமைப்பட்டவர், சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்காதவரை அரசுப் பட்டியல் எதிலும் பெயர் ஏறாது. யாரிடம் எப்போது சொல்வது என்பதை மெதுவாக முடிவு செய்யலாம். கட்டிக்கொள்ளப்போகிறவரிடம் மட்டும் மறைக்காமல் இருப்பதே நியாயம். ஒரே அறையில் வாழப்போகிற இருவரில் ஒருவருக்கு மௌனம் தேவை, மற்றவருக்கு அந்த மௌனம் கோபமாகப் படும் என்றால், காரணம் தெரிந்திருப்பது இருவருக்கும் நல்லது.

வெளிநாட்டில் குடியேற எண்ணுபவருக்கு இன்னொரு கணக்கு உண்டு. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்கு நிரந்தர வசிப்புரிமை மறுக்கப்பட்ட வழக்குகள் செய்தியாகியிருக்கின்றன. அங்கே அளவுகோல் எதிர்காலத்தில் ஆகும் என்று கணிக்கப்படும் அரசுச் செலவு. தானாக வேலை செய்து வாழும் ஒருவரை அது பெரும்பாலும் தொடாது. ஆனாலும் விசாப் படிவத்தில் கேட்டால் உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

வேலை, உறவு, உடல்நலம் மூன்றும் ஓரளவு ஒழுங்காகப் போகிறவருக்கு அவசரம் எதுவும் இல்லை. காதை மூடும் ஹெட்ஃபோனும், முன்கூட்டியே எழுதிவைத்த நாள்திட்டமும், ஓய்வுக்கு ஒதுக்கிய மாலையும் யாருடைய அறிக்கையும் இல்லாமல் பயன் தரும். திரும்பத் திரும்ப வேலை இழப்பவர், படிப்பைப் பாதியில் விட்டவர், சிகிச்சை பலிக்காதவர், தன்னையே வெறுக்கத் தொடங்கியவர் தள்ளிப்போடக் கூடாது. முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம், பெங்களூரு நிம்ஹான்ஸ், அரசு மருத்துவக் கல்லூரிகளின் மனநலப் பிரிவுகள் ஆகிய இடங்களில் விசாரிக்கலாம். குழந்தைகளை மட்டுமே பார்க்கும் மையங்கள் அதிகம் என்பதால், பெரியவர்களைப் பரிசோதித்த அனுபவம் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

முடிவு "இல்லை" என்றும் வரலாம். அப்போது அந்தச் சிரமங்கள் கற்பனை என்றாகிவிடாது. சமூகப் பதற்றம், ஏ.டி.எச்.டி., ஓ.சி.டி., சிறுவயதுக் காயங்கள் என்று வேறு காரணம் தெரியவந்திருக்கும், அதற்கான சிகிச்சையும் இருக்கும். அறிக்கை எந்த அடிப்படையில் எழுதப்பட்டது என்று விளக்கம் கேட்கவும், குழந்தைப் பருவத்தைப் பற்றி எதுவும் கேட்காமல் பத்து நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லப்பட்டிருந்தால் இன்னொரு நிபுணரிடம் போகவும் பரிசோதனை செய்துகொண்டவருக்கு முழு உரிமை உண்டு.