அலை புகாது, காற்று புகும்

புது வீட்டுச் சமையலறைக்கு மரவேலை நடக்கும்போது மைக்ரோவேவ் அடுப்புக்கென்று ஓர் அறை ஒதுக்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆசாரி டேப்பை வைத்து அகலம், உயரம், ஆழம் மூன்றையும் அளப்பார். சுற்றிலும் இரண்டு நூல் இடைவெளி விட்டு பிளைவுட் பெட்டி அடிப்பார். அடுப்பு அதற்குள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்ததும் வீட்டுக்காரருக்குப் பெருமை பிடிபடாது. இதில் தீ கிடையாது, புகை கிடையாது, உள்ளே வைத்த உணவை மட்டும்தானே சூடாக்குகிறது, இதற்கெதற்குக் காற்றோட்டம் என்ற நினைப்புதான் அந்தக் கச்சிதத்துக்குக் காரணம்.

அடுப்பின் முதுகில் ஒட்டியிருக்கும் விவரச் சீட்டைப் படித்தால் இந்த நினைப்பு ஆட்டம் காணும். அதில் இரண்டு எண்கள் இருக்கும். சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரம் ஏறக்குறைய 1,250 வாட். உணவுக்கு அலையாகக் கொடுப்பது 800 வாட். மாடலுக்கு மாடல் எண்கள் மாறும். விகிதம் பெரிதாக மாறாது. மீதி 450 வாட் உணவுப் பக்கமே போவதில்லை. அது அடுப்பின் வயிற்றுக்குள்ளேயே, பொத்தான்கள் இருக்கும் பலகைக்குப் பின்னால், வெறும் வெப்பமாக இறங்குகிறது. அதை அள்ளி வெளியே போட காற்றைத் தவிர வேறு வழி கிடையாது.

அந்த மறைவிடத்தில் நடப்பதைச் சற்றுக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கனமான ஒரு டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை 2,000 வோல்ட் அளவுக்கு உயர்த்துகிறது. ஒரு கெப்பாசிட்டரும் டயோடும் சேர்ந்து அதை 4,000 வோல்ட்டுக்குக் கொண்டுபோகின்றன. இவ்வளவும் போய்ச் சேரும் இடம் மேக்னட்ரான், கைக்குள் அடங்கும் ஒரு செம்புக் குழல். நடுவில் டங்ஸ்டன் இழை, சுற்றிலும் குழலின் சுவரிலிருந்து உள்நோக்கி நீளும் செம்புத் தகடுகள், மேலும் கீழும் வளையக் காந்தங்கள், உள்ளே வெற்றிடம். பழுக்கக் காய்ந்த இழையிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்கள் நேராகச் சுவருக்குப் பாயப் பார்க்கும். காந்தம் விடாது, வளைத்துச் சுழற்றும். சுழலும் எலெக்ட்ரான்கள் செம்புத் தகடுகளின் இடைவெளிகளைக் கடக்கும்போது, அங்கே நொடிக்கு 245 கோடி முறை அதிரும் அலை பிறக்கிறது. தம் ஆற்றலில் பெரும்பகுதியை அலைக்குக் கொடுத்துவிட்டுக் களைத்த எலெக்ட்ரான்கள் கடைசியில் செம்பில்தான் வந்து மோதுகின்றன. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் அப்படியே செம்பைக் காய்ச்சுகிறது. செம்புக் குழலைச் சுற்றி அடுக்கடுக்காக அலுமினியத் தகடுகள் செருகியிருப்பதும், அவற்றின் மீது ஓயாமல் வீசும்படி ஒரு விசிறி பொருத்தியிருப்பதும் இந்த வெப்பத்துக்காகத்தான். மைக்ரோவேவ் ஓடும்போது நம் காதில் விழும் ‘ஹூம்’ சத்தத்தில் ஒரு பகுதி அந்த விசிறியுடையது. அலைக்குச் சத்தம் கிடையாது.

இந்த அடுப்பு வீட்டுக்குள் வந்த வரலாற்றையும் வெப்பத்தை வெளியேற்றிய வரலாறாகச் சொல்லலாம். 1940இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் ரேண்டலும் ஹாரி பூட்டும் உருவாக்கிய மேக்னட்ரான், இரண்டாம் உலகப் போரில் ரேடாருக்கு உயிரானது. அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் மேக்னட்ரான்களோடு வேலை பார்த்த பெர்சி ஸ்பென்சர், இதே அலையைக் கொண்டு சமைக்கும் முறைக்கு 1945இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1947இல் ‘ரேடாரேஞ்ச்’ என்ற பெயரில் முதல் அடுப்பு விற்பனைக்கு வந்தது. ஆள் உயரம், ஏறக்குறைய 340 கிலோ எடை. அதன் மேக்னட்ரானைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓட வேண்டும். எனவே அடுப்பை வைக்கும் இடத்துக்கு பிளம்பர் வந்து குழாய் இழுக்க வேண்டும். பெரிய உணவகங்களுக்கும் கப்பல்களுக்கும்தான் அது கட்டுப்படியானது. 1967இல் ரேதியானின் துணை நிறுவனமான அமானா, மேடை மீது வைக்கக்கூடிய சிறிய அடுப்பை 495 டாலருக்குக் கொண்டுவந்தது. சாதாரண வீட்டு பிளக்கில் செருகினால் போதும், குழாய் தேவையில்லை. தண்ணீர் செய்துவந்த வேலையை விசிறி எடுத்துக்கொண்டது. மைக்ரோவேவைச் சுற்றி இடம் விடுங்கள் என்று இன்றைய கையேடு கேட்பது, அந்தப் பழைய தண்ணீர்க் குழாய்க்குப் பதிலாகத்தான்.

விசிறிக்கு இன்னொரு வேலையும் உண்டு. மேக்னட்ரான் மீது வீசிய காற்றில் ஒரு பகுதி, உணவு வைக்கும் அறையின் ஒரு பக்கச் சுவரிலுள்ள துளைகள் வழியாக உள்ளே நுழைந்து, வேறொரு பக்கத்துத் துளைகள் வழியாக வெளியேறுகிறது. போகிற போக்கில் நீராவியையும் அள்ளிக்கொண்டு போகிறது. அந்த ஆவியின் அளவு நாம் நினைப்பதைவிட அதிகம். கொதிநிலையிலுள்ள ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க 2,260 ஜூல் ஆற்றல் வேண்டும். 800 வாட் அலை முழுவதும் கொதிக்கும் குழம்பில் இறங்கினால் நிமிடத்துக்கு 21 கிராம் தண்ணீர் ஆவியாகும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1.7 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். 21 கிராமுக்கு 35 லிட்டர். வீட்டு மைக்ரோவேவின் உள்ளறையே 20 முதல் 30 லிட்டர்தான். கொதிக்கிற ஒவ்வொரு நிமிடமும் அறை முழுவதையும் நிரப்பி மிஞ்சும் அளவுக்கு ஆவி பிறக்கிறது. அதை வெளியே தள்ளாவிட்டால் கதவுக் கண்ணாடியில் முத்து முத்தாக நீர் கோத்து வழியும், விளிம்புகளில் துரு பிடிக்கும், நேற்றைய மீன் குழம்பின் வாடை இன்றைய பாலில் ஏறும்.

இங்கே பலருக்கும் ஒரு பயம் வரும். காற்று போகிற துளை வழியாக அலையும் வெளியே வந்துவிடாதா? வராது. மைக்ரோவேவ் அலையின் நீளம் 12 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். துளையின் விட்டமோ சில மில்லிமீட்டர்தான். உலோகத் தகட்டில் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துளை இருந்தால், அந்த அலைக்கு அது துளையாகவே படுவதில்லை. வாசலிலேயே வலுவிழந்து திரும்பிவிடும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்கு அதே துளை கோட்டை வாசல். கதவின் வலைத்துளைகள் வழியாக உள்ளே தட்டு சுற்றுவதை நாம் பார்க்க முடிவதும், அந்தத் தட்டைச் சூடாக்கும் அலை நம்மைத் தொடாததும் இந்த ஒரே காரணத்தால்தான். காற்றின் மூலக்கூறுகளுக்கோ எந்தத் துளையும் பெரிதுதான். ஒரே தகடு, மூன்று பயணிகள். இருவருக்கு வழி, ஒருவருக்குத் தடை. ஆகவே காற்றுத்துளையிலிருந்து வீசும் வெதுவெதுப்பான காற்றில் கையை வைத்துப் பார்க்கப் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது கதவு சரியாக மூடாதபோதும், அதன் விளிம்பு நசுங்கியிருக்கும்போதும்தான்.

இனி அந்தக் கச்சிதமான பிளைவுட் பெட்டிக்கு வருவோம். ஒரு கணக்குக்காக, விசிறி நிமிடத்துக்கு ஒரு கன மீட்டர் காற்றைத் தள்ளுவதாக வைத்துக்கொள்வோம். 450 வாட் வெப்பத்தை ஏற்றுக்கொள்ளும் அந்தக் காற்று, உள்ளே போனதைவிட 22 டிகிரி கூடுதல் சூட்டோடு வெளியே வரும். சித்திரை மாதத்துச் சமையலறையில் 35 டிகிரி என்றால், வெளியே வருவது 57 டிகிரிக் காற்று. சுற்றிலும் இடம் இருந்தால் அது அறையில் கலந்து கரைந்துபோகும். இடம் இல்லாவிட்டால், தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும் ஆளின் கதிதான். வெளியே வரும் காற்றில் பாதி திரும்ப உள்ளே நுழைந்தால்கூட, விசிறி இழுக்கும் காற்று 57 டிகிரியிலும் வெளியேறும் காற்று 80 டிகிரியிலும் போய் நிற்கும். விசிறி பழுதாகவில்லை, வேகமும் குறையவில்லை. வீசத்தான் குளிர்ந்த காற்று இல்லை.

அப்போது முதலில் தளர்வது காந்தம். மேக்னட்ரானில் இருப்பவை பெரும்பாலும் ஃபெரைட் காந்தங்கள். ஒரு டிகிரி சூடு ஏறினால் அவற்றின் வலு ஏறக்குறைய 0.2 சதவீதம் குறையும். 50 டிகிரி ஏறினால் பத்தில் ஒரு பங்கு போய்விடும். காந்தம் தளர்ந்தால் அலையின் ஆற்றலும் குறைகிறது. காலையில் இரண்டு நிமிடத்தில் சூடான இட்லி, விருந்தாளிகள் வந்த மதியம் ஐந்தாறு பாத்திரங்களுக்குப் பிறகு அதே இரண்டு நிமிடத்தில் வெதுவெதுப்பாக மட்டுமே வரும். இன்னும் சூடானால் மேக்னட்ரான் அருகிலுள்ள வெப்பக் காவல் சுவிட்ச் இணைப்பைத் துண்டிக்கும். சில மாடல்களில் அடுப்பு மொத்தமாக அணைந்துவிடும். சிலவற்றில் விளக்கு எரியும், தட்டு சுற்றும், உணவு மட்டும் சூடாகாது. அரை மணி நேரம் கழித்துத் தானாகச் சரியாகிவிடும் என்பதால் வோல்டேஜ் மேல் பழியைப் போட்டுவிட்டு நாமும் மறந்துவிடுவோம்.

கையேடுகள் பொதுவாகக் கேட்பது மேலே 20 முதல் 30 சென்டிமீட்டர், பின்னால் 10 சென்டிமீட்டர், பக்கங்களில் 5 முதல் 10 சென்டிமீட்டர். உங்கள் மாடலின் கையேடு சொல்வதே இறுதி. கால்களைக் கழற்றக் கூடாது. சிலவற்றில் அடியிலும் காற்று வழி உண்டு. அலமாரிக்குள்தான் வைக்க வேண்டுமென்றால், முன்பக்கமாகவே காற்றை இழுத்து முன்பக்கமாகவே விடும் ‘பில்ட்-இன்’ மாடல்கள் இருக்கின்றன. மேடை மாடலை வாங்கிப் பெட்டிக்குள் திணித்தால் அது பில்ட்-இன் ஆகிவிடாது.

நம் ஊரில் அதிகம் விற்கும் கன்வெக்ஷன் வகைக்கு இந்த இடைவெளி இன்னும் முக்கியம். அலையில் சமைக்கும்போது உள்ளறைச் சுவர் அவ்வளவாகச் சூடாகாது. கேக் சுடும்போது ஹீட்டர் எரிந்து சுவரே 200 டிகிரியைத் தொடும். மேல் தகடும் கை வைக்க முடியாதபடி காயும். அந்தத் தகட்டின் மேல்தான் ரொட்டிப் பாக்கெட், மருந்து டப்பா, பூப்போட்ட உறை எல்லாம் குடியிருக்கின்றன. சமையல் முடிந்த பிறகும் விசிறி சில நிமிடம் ஓடுவதைக் கண்டு, மின்சாரம் வீணாகிறதே என்று சுவர் சுவிட்சை அணைப்பவர்கள் உண்டு. உள்ளே தேங்கிய வெப்பத்தை வடியவிடத்தான் அது ஓடுகிறது. ஓடி முடிக்கட்டும். உள்ளே ஏதாவது தீப்பிடித்தால் மட்டும் இந்த விதி தலைகீழாகும்: கதவைத் திறக்காமல் உடனே மின்சாரத்தை அணைக்க வேண்டும். விசிறி நின்றால் தீக்கும் காற்று நிற்கும்.

மைக்ரோவேவ் இருப்பதால் சமையலறைக்கே பெரிய புகைபோக்கி வேண்டுமா? வேண்டாம். மூன்று நிமிடம் ஓடினால் அது அறைக்குச் சேர்க்கும் மொத்த வெப்பம், சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடம்பு அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக விடும் வெப்பம்தான். சிம்னியும் எக்ஸாஸ்ட் ஃபேனும் கேட்பது காஸ் அடுப்பு. ஒரு கிலோ காஸ் எரிந்தால் மூன்று கிலோ கார்பன் டை ஆக்சைடும் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவியும் வரும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று காலியாகும்போது 42 கிலோ கார்பன் டை ஆக்சைடும் 22 லிட்டர் தண்ணீரும் ஆவி ரூபத்தில் சமையலறைக் காற்றில் கலந்திருக்கும். கூடவே நைட்ரஜன் டை ஆக்சைடும்.

அந்தக் காஸ் அடுப்புக்கு அருகில் மைக்ரோவேவை வைப்பதுதான் வம்பு. தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகையை விசிறி உள்ளே இழுக்கும். அது அலுமினியத் தகடுகளில் பிசுக்காகப் படியும், பிசுக்கில் தூசி ஒட்டும், வெப்பம் வெளியேற வேண்டிய இடத்தில் கம்பளி போர்த்தியதாகிவிடும். அமெரிக்க வீடுகளில் அடுப்புக்கு நேர் மேலேயே தொங்கும் மைக்ரோவேவ்கள் உண்டு. அவற்றில் புகையை இழுக்கத் தனி விசிறியும் எண்ணெய் வடிகட்டியும் இருக்கும். கீழே அடுப்பின் சூடு அளவு மீறினால் அந்த விசிறி யாரும் தொடாமலே ஓடத் தொடங்கும். சமைப்பவரைக் காக்க மட்டுமல்ல, தலைக்கு மேலிருக்கும் மேக்னட்ரானைக் காக்கவும்தான் அந்த ஏற்பாடு.

பிசுக்கைத் துடைக்க மூடியை நீங்களே கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் மின்னூட்டம் தேங்கியிருக்கலாம். வெளித்துளைகளைத் துடைப்பதோடு நம் வேலை முடிந்தது. உள்ளே கை வைப்பது மெக்கானிக்கின் வேலை.

உங்கள் அடுப்புக்குப் போதிய காற்று கிடைக்கிறதா என்று நீங்களே அளந்துவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீரை எடுத்து தெர்மாமீட்டரால் வெப்பநிலை பாருங்கள். அடுப்பு ஆறியிருக்கும்போது முழு வேகத்தில் சரியாக ஒரு நிமிடம் ஓட்டி, கலக்கிவிட்டு, மறுபடி பாருங்கள். ஏறிய ஒவ்வொரு டிகிரிக்கும் 70 வாட். பதினொரு டிகிரி ஏறினால் 770 வாட். அடுத்து, வேறொரு பாத்திரத்தில் இரண்டு லிட்டர் தண்ணீரை வைத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு, புதிதாக ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரை வைத்து அதே சோதனையைச் செய்யுங்கள். எந்த அடுப்பிலும் சற்றுக் குறையத்தான் செய்யும். இதையே அடுப்பைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, திறந்த மேடையில் வைத்து இன்னொரு நாள் செய்து பாருங்கள். பெட்டிக்குள் விழும் வாட்டுக்கும் வெளியே விழும் வாட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த இரண்டு நூல் இடைவெளிக்கு நீங்கள் தினமும் கட்டும் வாடகை. வித்தியாசம் பெரிதாக இருந்தால், புது மைக்ரோவேவ் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால் ஆசாரியைக் கூப்பிடுங்கள்.