இந்தியாவில் பழைய கார்களின் பயன்பாடு

பழைய கார்களின் பயன்பாடு என்பது, உற்பத்தி நின்று பல பத்தாண்டுகள் கடந்த கார்களை அவற்றின் உரிமையாளர்கள் பராமரித்து, சாலையில் ஓட்டி, அணிவகுப்புகளில் கலந்துகொள்ளும் வழக்கத்தைக் குறிக்கும். பன்னாட்டுப் பழைய வாகனக் கூட்டமைப்பான ஃபீவா (1966இல் தொடங்கப்பட்டது), குறைந்தது 30 ஆண்டு வயதும் வரலாற்று முறைப்படி சரியான நிலையும் கொண்ட, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாத வாகனத்தை வரலாற்று வாகனம் என்கிறது. இந்தியச் சட்டத்தில் 'வின்டேஜ்' என்ற தகுதிக்கு 50 ஆண்டுகள் நிறைந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையிலுள்ள இந்த 20 ஆண்டு வேறுபாடு இந்திய உரிமையாளர்களைப் பெரிதும் பாதிக்கிறது.

கார்கள்

சமஸ்தான மன்னர்கள் வாங்கிய ரோல்ஸ் ராய்ஸ் போன்ற கார்களே படங்களில் அதிகம் இடம்பெறுகின்றன. ஆனால் நடைமுறையில் பழைய கார் வைத்திருப்பவர்களில் மிகப் பலரிடம் இருப்பவை இந்தியாவிலேயே தயாரான மூன்று வகைகள்தாம். கொல்கத்தா அருகே உத்தர்பாராவில் 2014 வரை உருவான அம்பாசடர், மும்பையில் தயாரான ஃபியட் 1100 மற்றும் அதன் தொடர்ச்சியான பிரீமியர் பத்மினி, சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவை அவை. பிரித்தானிய டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவமே ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இதன் நான்கு கதவு வகை இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. இந்தக் கார்கள் பெரும்பாலும் விலை கொடுத்து வாங்கிய சேகரிப்புகள் அல்ல. அப்பா அல்லது தாத்தா ஓட்டிய வண்டி வீட்டிலேயே தங்கிவிட்டது என்பதுதான் வழக்கமான கதை.

நிறுத்திவைத்தால் ஏற்படும் கேடு

பழைய காரைத் துணி போர்த்திப் பத்திரமாக நிறுத்திவைத்தால் அது கெடாமல் இருக்கும் என்பது தவறான எண்ணம். ஓடாத கார் ஓடும் காரைவிட விரைவாகக் கெடுகிறது.

கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் தங்கும் பெட்ரோல் ஆவியாகி, பிசின் போன்ற படிவை விட்டுச் செல்கிறது. அது நுண்ணிய துளைகளை அடைத்துவிடும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. அந்த ஈரம் சக்கர சிலிண்டர்களுக்குள் துருவை உண்டாக்க, மாதக்கணக்கில் நின்ற காரின் பிரேக் பிடித்துக்கொண்டு விடுவதில்லை. சிலிண்டர் சுவர்களில் பூசியிருந்த எஞ்சின் ஆயில் மெல்ல வடிந்துவிடுவதால் பிஸ்டன் வளையங்கள் துருப்பிடிக்கின்றன. கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் கிளட்ச் தட்டு பறக்குஞ்சக்கரத்தோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. டயர் ஒரே இடத்தில் எடையைத் தாங்கித் தட்டையாகிறது. ஒயரைக் கடிக்கும் எலியைச் சொல்லவே வேண்டாம்.

இதற்கு மாற்றாகப் பலர் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் எஞ்சினை மட்டும் ஓடவிட்டு அணைத்துவிடுகிறார்கள். இது பயன் தராது; சில வகையில் தீங்கும் கூட. எரிதலின்போது உண்டாகும் நீராவி, எஞ்சின் முழுச் சூட்டை எட்டாதபோது புகைக்குழாயிலும் ஆயிலிலும் நீராகத் தங்கிவிடுகிறது. கியர்பெட்டி, பிரேக், சக்கரத் தாங்கிகள் எதுவும் அசைவதே இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் சாலையில் ஓட்டி, எல்லாப் பாகங்களும் சூடேறி இயங்கச் செய்வதே சரியான பராமரிப்பு. ஆகவே பழைய காரைப் பொறுத்தவரை ஓட்டும் இன்பமும் காக்கும் கடமையும் ஒரே செயலாகிவிடுகின்றன.

ஓட்டும் முறை

உரிமையாளர்கள் தேர்ந்தெடுக்கும் நேரம் பெரும்பாலும் ஞாயிறு விடியற்காலை. நெரிசலும் வெயிலும் இல்லாத அந்த இரண்டு மணி நேரத்தில்தான் பழைய கார் இந்திய நகரத்தில் நிம்மதியாக ஓடமுடியும். புறப்படுமுன் ஆயில் அளவுகோலை இழுத்துப் பார்ப்பது, ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பது, பேட்டரி முனையை இறுக்குவது, சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்து எஞ்சின் சூடேறச் சூடேற அதை மெல்ல உள்ளே தள்ளுவது என்று ஒரு வரிசை உண்டு. புதிய காரில் கணினி செய்வதை இங்கே கையும் காதும் செய்கின்றன.

பெரும்பாலான பழைய ஃபியட், அம்பாசடர் கார்களில் கியர்க் கம்பி ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கும். ஹெரால்டில் முதல் கியருக்கு ஒத்திசைவு அமைப்பு கிடையாது. வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது முதல் கியருக்கு இறங்க வேண்டுமானால், கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரைச் சற்று அழுத்தி, மீண்டும் கிளட்சை மிதித்துக் கியரைப் போட வேண்டும். சரியாக விழுந்தால் சத்தமே இராது; தவறினால் தெருவுக்கே கேட்கும். இந்தத் திறமை கைவந்த நாளில் கிடைக்கும் மகிழ்ச்சியை, பழைய காரின் வேறெந்தப் பெருமையும் தருவதில்லை எனலாம்.

பிரேக் விஷயத்தில் கவனம் தேவை. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் கொண்ட, வேறு துணைவிசை இல்லாத காரை நிறுத்த, புதிய காரைவிட அதிகத் தூரமும் கால் வலுவும் வேண்டும். மலைப்பாதை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக்கை மிதித்தால் டிரம் சூடேறிப் பிடிப்புக் குறையும். இரண்டாம் கியரில் எஞ்சினைக் கொண்டே வேகத்தை அடக்குவது அந்தக் காலத்து ஓட்டுநர்களின் அடிப்படைப் பாடம். இன்று இதைவிடப் பெரிய ஆபத்து, கைப்பேசியில் படமெடுக்க மிக நெருங்கி வரும் பக்கத்து வண்டிகளால் வருகிறது.

கோடையில் அடிக்கடி நேரும் தொல்லை, எரிபொருள் பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் கொதித்து ஆவியாகி ஓட்டம் தடைபடுவது. பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிச் சற்று நேரம் காத்திருந்தால் வண்டி மீண்டும் கிளம்பும். இதை அறிந்தவர் காரில் எப்போதும் ஒரு பழைய துணியும் தண்ணீர்ப் புட்டியும் இருக்கும்.

பட்டறையும் உதிரிபாகமும்

ஹெரால்டின் முன்மூடி, சக்கரக் கவசங்களோடு சேர்த்து முன்பக்கமாக முழுதும் சாயும். எஞ்சின் முழுவதும் வெளியே தெரிவதால் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். உரிமையாளரே பழுதுபார்க்கக் கற்றுக்கொள்ளும் வழக்கம் இத்தகைய எளிய அமைப்பினால்தான் நிலைத்தது. உதிரிபாகங்களுக்குச் சென்னையில் புதுப்பேட்டையும் டெல்லியில் மாயாபுரியும் பெயர் பெற்ற இடங்கள். அங்கும் கிடைக்காத சிறு பாகங்களைக் கடைசல் பட்டறையில் அளவு கொடுத்துச் செய்துகொள்கிறார்கள். பாகம் கிடைப்பதைவிட, பாயின்ட் இடைவெளியையும் கார்புரேட்டரையும் காதால் கேட்டுச் சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக் கிடைப்பதே இப்போது அரிது.

அணிவகுப்புகள்

தி ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1964இல் டெல்லியில் தொடங்கிய அணிவகுப்பு இந்தியாவின் புகழ்பெற்ற பழைய கார் நிகழ்ச்சி. பின்னர் அது கொல்கத்தாவிலும் நடைபெறலாயிற்று. இதில் அடிக்கடி கலந்துகொண்ட வண்டிகளுள் ஒன்று காரே அல்ல. அது 1914ஆம் ஆண்டின் ஜான் மாரிஸ் தீயணைப்பு வண்டி. நிஜாம் அரசு இரயில்வேயில் பணியாற்றிய அது, இப்போது டெல்லி தேசிய இரயில் அருங்காட்சியகத்தின் உடைமை. அருங்காட்சியகப் பொருளைச் சாலையில் இறக்கலாமா என்ற கேள்விக்கு அந்த வண்டியே ஒரு பதில். கோயம்புத்தூரின் ஜிடி கார் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் பல நாட்டுக் கார்களை வரிசையாக, அமைதியாகப் பார்க்கலாம். எஞ்சின் சத்தமும் பெட்ரோல் வாசமும் கலந்த அணிவகுப்பு வேறு வகை அனுபவம்.

எரிபொருள்

இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் விலக்கப்பட்டது. பழைய எஞ்சின்களில் ஈயம் வால்வு இருக்கைகளுக்குக் காப்பாகவும் இருந்ததால், கடினப்படுத்தப்பட்ட இருக்கைகளைப் பொருத்துவது மறுசீரமைப்பின் ஒரு பகுதியாயிற்று. 2025இல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் நீரை ஈர்க்கும். பழைய வகை ரப்பர் குழாய்களையும் பம்பின் தகட்டையும் மென்மையாக்கி விரிசலிடச் செய்யும். கசியும் பெட்ரோல் சூடான எஞ்சின்மேல் விழுந்தால் தீப்பிடிக்கும் என்பதால், எத்தனால் தாங்கும் குழாய்களை மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது. அசல் நிலையைக் காப்பதில் மிகக் கண்டிப்பானவரும் இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

சட்டம்

2021 சூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வின்டேஜ் வாகனங்களுக்கெனத் தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, அடிச்சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் இதில் அடங்கும். புதிய பதிவுக்கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். புதிதாகப் பதிபவற்றுக்கு மாநிலக் குறியீட்டை அடுத்து 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இடம்பெறும். ஏற்கெனவே பதிவானவை பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். 'எம்.எஸ்.' எனத் தொடங்கும் சென்னையின் பழைய எண்பலகையைக் குடும்பச் சொத்தாகக் கருதும் உரிமையாளர்களுக்கு இது சிறு செய்தியன்று.

இச்சலுகைக்கு ஒரு விலை உண்டு. வின்டேஜ் வாகனத்தை அன்றாடத் தேவைக்கோ வணிகத்துக்கோ சாலையில் ஓட்டக்கூடாது. காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே அனுமதி. காரின் உடல்நலத்துக்காக ஓட்டும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தைப் 'பராமரிப்பு' என்ற சொல்லுக்குள் அடக்க இயலும். குடும்பத்தோடு கோயிலுக்குச் சென்று திரும்புவதை அடக்க இயலுமா என்பது விவாதத்துக்குரியது. ஓடினால்தான் பிழைக்கும் பொருளுக்கு, ஓடுவதையே விதிவிலக்காக்கும் சட்டம் சற்றுப் பொருந்தாததே.

50 வயதை எட்டாத கார்களின் நிலை வேறு. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளில் முடிகிறது. பிறகு ஒவ்வொரு 5 ஆண்டுக்கும் தகுதிச் சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயானது. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025இல் அது மேலும் உயர்த்தப்பட்டது. டெல்லித் தலைநகர்ப் பகுதியில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் கார்கள் மீதான நீதிமன்றத் தடைகள் தனி. ஃபீவாவின் கணக்கில் வரலாற்று வாகனமாகிவிட்ட 1985ஆம் ஆண்டுப் பத்மினி, இந்தியச் சட்டத்தின் முன் வெறும் பழைய வண்டிதான். அது வின்டேஜ் தகுதி பெற 2035 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை சோதனைகளிலெல்லாம் தேறியாக வேண்டும். மும்பையின் கடைசிப் பத்மினி டாக்சி, வயது வரம்பான 20 ஆண்டுகளை முடித்து 2023 அக்டோபரில் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டது. இனி அந்த வகைக் கார்கள் சாலையில் தென்படுவது, அவற்றைப் புதுப்பித்துக்கொண்டே ஓட்டும் தனி உரிமையாளர்களால்தான்.