அழுங்கின் கவசம்

திருகோணமலையை அடுத்த சல்லிக் கடற்கரையிலிருந்து உள்நாடு நோக்கிச் செல்வோர் காண்பன உலர்வலயக் காடுகள். அத்தகைய காடுகளில் இரவில் உலவும் பிராணி அழுங்கு. அமெரிக்கக் கண்டங்களில் வாழும் ஆர்மடில்லோவைப் போல் இதுவும் கவசம் பூண்டது. ஆயினும் இரண்டும் நெருங்கிய உறவினமல்ல. ஆர்மடில்லோவின் ஓடு எலும்புத் தகடுகளாலானது. அழுங்கின் செதில்களோ மனித நகத்தைப் போன்ற கெரட்டினாலானவை.

பல்லில்லாத அழுங்கு, வலிய நகங்களால் புற்றைப் பிளந்து, நீண்ட பசைநாவினால் எறும்பையும் கறையானையும் உண்ணும். பெரும்பாலும் ஒரே குட்டியை ஈன்று, வாலடியிற் சுமந்து திரியும். ஆபத்து நேரின், குட்டியை அணைத்துப் பந்தெனச் சுருளும்.

சிறுத்தையின் பல்லுக்கும் எளிதில் இடங்கொடாத அப்பந்தை மனிதன் கையாலேயே தூக்கிச் சென்றுவிடுகிறான். இறைச்சிக்காகவும் செதிலுக்காகவும் வேட்டையாடப்படும் அழுங்கின் சர்வதேச வணிகம் 2017 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. சுருண்டு கிடக்கும் அழுங்கைக் கண்டோர், தீண்டாது விலகிச் செல்வதே அறம்.