நடுவுல ஒரு படி இல்லையே!



எங்க பெரியப்பா மகன் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்து மேட்சில் அவர் ஓடி வந்தால் எதிர் டீம் பேட்ஸ்மேனுக்கு கால் நடுங்கும். அவ்வளவு வேகம். ஒருமுறை மாவட்ட அளவில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, "அண்ணா, போகலையா?" என்று கேட்டேன். "அன்னைக்கு எனக்கு ஏ ஷிப்ட்டுடா. லீவு போட்டா சம்பளம் போயிடும். போனாலும் அங்க லெதர் பால். நான் அதை கையில தொட்டதே இல்ல" என்றார். அந்தப் பதில் என் மனசை விட்டுப் போகவில்லை. திறமை இருக்கு, மேலே போட்டியும் இருக்கு. நடுவுல ஏறுவதற்கு ஒரு படி இல்லை. அந்தப் படியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வளர்ப்பு லீக் என்றால் என்ன?

பெரிய லீக்கில் ஆட இன்னும் தயாராகாதவர்களை ஆட வைத்துத் தயார் செய்யும் சின்ன லீக்தான் வளர்ப்பு லீக். நாற்றங்காலில் விதைத்து, நாற்றைப் பிடுங்கி வயலில் நடுகிற மாதிரி. இங்கே கோப்பை இரண்டாம்பட்சம், ஆளை உருவாக்குவதுதான் முதல் வேலை.

இதற்கு அமெரிக்காவில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அங்கே 'அமெரிக்கன் ஃபுட்பால்' என்று ஒரு ஆட்டம். பேர்தான் ஃபுட்பால், பெரும்பாலும் கையில்தான் ஆடுவார்கள்! முட்டை வடிவப் பந்து, தலையில் ஹெல்மெட், பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிக்குள் பந்தை 10 கெஜம் முன்னே கொண்டு போக வேண்டும். அவர்களின் பெரிய லீக்கான என்.எஃப்.எல்.லில் 32 அணிகள், அணிக்கு 53 பேர். கூட்டிப் பார்த்தால் நாடு முழுக்க சுமார் 1,700 பேருக்குத்தான் இடம்! கல்லூரியில் ஆடிய ஆயிரக்கணக்கான பேரில் மீதிப் பேர் எங்கே போவார்கள்?

அதற்காக 1991-ல் என்.எஃப்.எல். ஆதரவோடு ஒரு லீக் தொடங்கியது. இரண்டே வருடத்தில் நின்றது. 1995-ல் ஐரோப்பாவில் ஆறு அணிகளோடு மறுபடி ஆரம்பித்தார்கள். 1998-ல் அதற்கு 'என்.எஃப்.எல். யூரோப்' என்று பேர் வைத்தார்கள். அந்த வருடம் ஆம்ஸ்டர்டாம் அணிக்கு ஆடியவர் கர்ட் வார்னர். 1994-ல் ஒரு பெரிய அணி அவரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. அப்புறம் கடையில் ராத்திரி வேலை, அலமாரியில் சாமான் அடுக்கினார். உள்ளரங்கில் ஆடும் ஒரு சின்ன லீக், பிறகு ஆம்ஸ்டர்டாம் என்று படிப்படியாக ஏறினார். 2000 ஜனவரியில் நடந்த சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் அவர் அணி ஜெயித்தது. ஆட்ட நாயகனும் அவரே! நடுப்படி இல்லாமல் இருந்திருந்தால் அவர் கடைசி வரை சாமான்தான் அடுக்கியிருப்பாரோ என்னவோ.

ஆனால் அந்த லீக் 2007-ல் மூடப்பட்டது. காரணம் பணம். வருடா வருடம் நஷ்டம். வளர்ப்பு லீக் வரவு தராது, ஆளைத்தான் தரும். இதைப் புரிந்துகொண்டவர்கள்தான் அதை நடத்த முடியும்.

நம்ம இந்தியாவிலும் 2011-ல் இந்த ஆட்டத்துக்கு ஒரு தொழில்முறை லீக் அறிவித்தார்கள். கர்ட் வார்னரும் அதற்கு ஆதரவு தந்தவர்களில் ஒருவர். ஆனால் அது நிலைக்கவில்லை. இதில் என் கருத்து: பள்ளியிலும் கல்லூரியிலும் அந்த ஆட்டமே இல்லாதபோது மாடியை மட்டும் கட்டினால் எப்படி நிற்கும்?

நம்ம ஊர் நாற்றங்கால்

நமக்குத் தெரிந்த உதாரணம் டி.என்.பி.எல். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் 2016-ல் எட்டு அணிகளோடு தொடங்கியது. சென்னையில் மட்டும் ஆடாமல் திண்டுக்கல் நத்தம், திருநெல்வேலி என்று மாவட்டங்களுக்கும் ஆட்டத்தைக் கொண்டு போனார்கள். டி.வி.யில் காட்டினார்கள். டி.வி.யில் வந்தால் ஐ.பி.எல். அணிக்காரர்கள் கண்ணிலும் படுமே!

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜன் 20 வயது வரை டென்னிஸ் பந்தில்தான் ஆடினார். பிறகு சென்னைக்குப் போய் லீக் ஆட்டங்கள் ஆடினார், ரஞ்சிக்கும் வந்தார். பந்து வீசும் முறையில் சந்தேகம் என்று புகார் வந்ததும் உழைத்துத் திருத்திக்கொண்டார். 2016 டி.என்.பி.எல்.லில் திண்டுக்கல் அணிக்காக அவர் போட்ட யார்க்கர்களை எல்லோரும் பார்த்தார்கள். 2017 ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையில் இருந்தவரைப் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது! 2020-ல் ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகப் போனவர், டிசம்பர் 2 முதல் 2021 ஜனவரி 15-க்குள், 44 நாளில், மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். 2023-ல் சொந்த ஊரிலேயே ஒரு மைதானமும் திறந்தார்.

சாய் சுதர்சன் இன்னொருவர். 2022-ல் குஜராத் அணி அவரை 20 லட்சத்துக்கு எடுத்தது. 2023-ல் கோவை அணி டி.என்.பி.எல். ஏலத்தில் கொடுத்தது 21 லட்சத்து 60 ஆயிரம். சின்ன லீக்கில் பெரிய லீக்கை விட அதிக விலை! 2025 ஐ.பி.எல்.லில் 759 ரன் அடித்து முதலிடம் பிடித்தார். அதே ஆண்டு ஜூனில் டெஸ்ட் அணிக்கும் வந்துவிட்டார்.

நமக்கு என்ன?

நண்பர்களே, ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர்தான். அத்திப்பள்ளி வந்தாலே கர்நாடகா. சென்னையோ 300 கிலோமீட்டர். அதனால் வசதி உள்ள பையன்கள் பெங்களூரு அகாடமிக்குப் போகிறார்கள். ஆனால் ஒரு மாநிலச் சங்கத்தில் பதிந்துகொண்டால் அந்த மாநிலத்துக்குத்தான் ஆட முடியும். மாற வேண்டும் என்றால் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். அங்கேயும் 2009-ல் தொடங்கிய கர்நாடகா பிரீமியர் லீக், சூதாட்டப் புகாரால் 2019-க்குப் பிறகு நின்றுபோனது. 2022-ல்தான் மகாராஜா டிராபி என்று புதிதாக வந்தது. கணக்கு சுத்தமாக இல்லாவிட்டால் படியே இடிந்துவிடும் என்பதற்கு இது பாடம்.

வசதி இல்லாதவர்கள் எங்கே போவது? டி.என்.பி.எல்.லில் கிருஷ்ணகிரி பேரில் அணி இல்லை. அது வரும்போது வரட்டும். அதற்குக் கீழே உள்ள படியை நாமே போடலாம் என்பது என் யோசனை:

1. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, சூளகிரி, கிருஷ்ணகிரி, பர்கூர் என்று ஆறு அணிகள். ஒவ்வொருவரும் மற்ற ஐவரோடும் ஒருமுறை ஆடினால் மொத்தம் 15 ஆட்டம்.

2. கட்டாயம் லெதர் பந்து. டென்னிஸ் பந்து 60 கிராம்கூட இருக்காது. கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம் வரை. எடை, துள்ளல், ஸ்விங் எல்லாமே வேறு. பழகாமல் தேர்வுக்குப் போனால் எங்க அண்ணா பயந்த மாதிரிதான் ஆகும்.

3. ஞாயிறு மதியம் ஆட்டம். வேலைக்குப் போகும் 19 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கும் இடம். ஷிப்ட் மாற்றித் தரச் சொல்லி கம்பெனிகளுக்கு ஒரு கடிதம் எழுதலாம்.

4. ஸ்கோர் நோட்டை ஒழுங்காக எழுதி வைத்து, சீசன் முடிந்ததும் மாவட்டத் தேர்வாளர்களிடம் கொடுக்க வேண்டும். இதுதான் முக்கியம். எழுதி வைக்காத விக்கெட்டை யார் நம்புவார்கள்?

பணத்துக்கு என்ன வழி என்று பி.டி. சார் கேட்டார். எனக்கு முழுப் பதில் தெரியவில்லை. ஆனால் இரண்டு மேட்டிங், ஆறு செட் பேடு, கொஞ்சம் பந்து. இதற்கு என்.எஃப்.எல். அளவு பணம் வேண்டாம் சார்!

எங்க அண்ணாவுக்கு இப்போது 22 வயது. இந்த லீக் நாளைக்கே வந்தாலும் அவர் ஆட முடியாது. இதை எழுதி முடித்து அவரிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "லீக் ஆரம்பிச்சா சொல்லு. நான் அம்பயர் நிக்கறேன். பி ஷிப்ட் இல்லாத ஞாயித்துக்கிழமை எல்லாம் வரேன்" என்றார்.

அம்பயர் கிடைத்துவிட்டார். ஆடுவதற்குப் பேர் கொடுக்க விரும்புகிறவர்கள் பி.டி. சாரிடமோ என்னிடமோ சொல்லுங்கள்.

— 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்