விருந்தும் விளையாட்டும் வழிபாடும்
அபதானி மக்களின் மியோகோ விழா

இமயமலைச் சாரலின் கீழ்க்கோடியிலே, இந்தியாவின் அருணாசலப் பிரதேசத்தில், ஸீரோ என்னும் பள்ளத்தாக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு 1,500 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலே, பைன் மரக் காடுகளும் மூங்கிற் சோலைகளும் சூழ, பச்சைப் பாய் விரித்தாற்போல் நெல்வயல்கள் அங்கே பரந்து கிடக்கின்றன. இந்நிலத்துக்குரியோர் அபதானி மக்கள். ஏர் பூட்டாமல் கையாலே நிலத்தைப் பண்படுத்தி, மலையோடைகளை வாய்க்கால் வழியே வயலுக்குப் பாய்ச்சி, நெல் விளைவிப்பதில் வல்லவர்கள் இவர்கள். ஓய்வறியா உழைப்பாளிகளாகிய இவர்கள், உழைத்துச் சேர்த்ததை எவ்வாறு செலவிடுகின்றனர் என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் பொருள்.

இவர்தம் விழாக்களுள் தலையாயது மியோகோ. பங்குனித் திங்களை ஒட்டி, மார்ச்சு மாதத்தில் இது நிகழும். பள்ளத்தாக்கின் ஊர்கள் மூன்று தொகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளன. ஆண்டுதோறும் ஒரு தொகுதி விழா எடுக்க, ஏனைய ஊரார் விருந்தினராவர். ஆகவே, ஒவ்வோர் ஊரும் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை விருந்திடும். ஏனைய ஈராண்டும் விருந்துண்ணும். கொடுப்போரும் கொள்வோரும் முறைமாறி வருதலால், எவரும் என்றும் மேலோருமில்லை. எவரும் என்றும் கீழோருமில்லை.

விழாவுக்கு முன்னரே ‘பாபோ’ எனப்படும் உயர்ந்த கம்பங்கள் ஊரிலே நாட்டப்படும். அவற்றிற் கட்டிய பிரம்புக் கயிற்றைப் பற்றி இளைஞரும் சிறுவரும் துள்ளியும் ஊசலாடியும் தம் திறங் காட்டுவர். வெறும் பொழுதுபோக்கன்று இது. விழாவின் ஓர் உறுப்பேயாகும். வழிபாட்டையும் விளையாட்டையும் வேறு வேறெனப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் இம்மக்களிடம் இல்லை.

பலி நாளன்று விடியற்காலையிலே பன்றிகள் ஒருங்கு கொணரப்படும். பெண்கள் அவற்றின்மீது அரிசிமாவும் அரிசிக்கள்ளும் தெளிப்பர். ‘நிபு’ எனப்படும் பூசகர் நெடுநேரம் மந்திரம் ஓதுவார். அதன் பின்னர் வீடுகள் விருந்தினர்க்காகத் திறக்கப்படும். ஓரூர்க் குடும்பத்துக்கும் வேற்றூர்க் குடும்பத்துக்கும் இடையே தந்தைக்குப் பின் மகனெனத் தலைமுறை தலைமுறையாய்த் தொடரும் சடங்குநட்பு இவர்களிடம் உண்டு. விழாக்காலத்தில் அந்நண்பர் இல்லம் ஏகுவதும், அங்கே உண்பதும், இறைச்சிப் பங்கு பெற்று மீள்வதும் தவிர்க்கவொண்ணாக் கடமைகள். ஊர்களுக்கிடையே பூசல்கள் மூண்ட பண்டைக் காலத்தில் இத்தகைய உறவின் அருமையைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆயின், விருந்துக்கு மற்றொரு முகமும் இருந்தது. 1944, 1945ஆம் ஆண்டுகளில் இப்பள்ளத்தாக்கிலே தங்கி ஆராய்ந்தவர் ஒஸ்திரிய நாட்டு மானிடவியலறிஞர் ஃபியூரர் ஹைமென்டோர்ஃப். ‘லிசுடு’ என்னும் விந்தையான போட்டியை அவர் விவரித்துள்ளார். செல்வர் இருவரிடையே பகை மூளின், ஒருவர் தம் மிதுன் மாடுகளை மற்றவர் வீட்டு முன்றிலிலே வெட்டி வீழ்த்துவார். மற்றவர் அதற்கு ஈடாகவேனும் மிகுதியாகவேனும் தம் மாடுகளை வெட்டவேண்டும். இன்றேல் மானம் போய்விடும். மிதுன் ஏரிலே பூட்டப்படுவதில்லை, பாலும் கறக்கப்படுவதில்லை. காட்டிலே திரியும் அவ்விலங்கே மலைநாட்டாரின் செல்வத்துக்கு அளவுகோல். அபதானியர் தம் நெல்லைக் கொடுத்து அண்டை மலைவாழ் நிஷி மக்களிடம் அதனைப் பெறுவது வழக்கம். பல்லாண்டு உழைப்பின் பயன் இவ்வாறு சில நாட்களில் அழியும்.

இத்தகைய போட்டி உலகில் இங்கு மட்டும் நிகழ்ந்ததன்று. வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரக் குடிகளிடம் ‘பொட்லாச்’ என்னும் கொடைவிழா இருந்தது. அதனை வீண்செலவெனக் கருதிய கனடா அரசு 1885இல் தடைசெய்தது; 1951இலேதான் அத்தடை நீங்கியது. கொடுத்தலும் பெறுதலும் மீளக் கொடுத்தலும் சமூகத்தைப் பிணிக்கும் கயிறு என்பதை மார்சல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925இல் வெளிவந்த தம் ஆய்வில் விளக்கினார். அக்கயிற்றால் நட்பைக் கட்டலாம், கழுத்தையும் இறுக்கலாம். மியோகோ முன்னதற்குச் சான்று. லிசுடு பின்னதற்குச் சான்று. விருந்தின் பெருமை செலவின் அளவிலன்று, அது எவரை எவரோடு இணைக்கின்றது என்பதிலேயே உள்ளது என்பது எமது துணிபு.

காலம் மாறுகின்றது. இளையோர் கல்விக்கும் தொழிலுக்குமாக நகரங்களை நாடுகின்றனர். கிறித்தவம் தழுவியோரும் பலர். முன்னோர் மொழிக்கு எழுத்து இருந்ததில்லை. ஆதலின் நிபு ஓதும் நெடும்பாடல்கள் நெஞ்சிலிருந்து நெஞ்சுக்கே சென்றன. ஓதுவார் அருகின் அவையும் அருகும். சனவரியில் நிகழும் முருங் விழாவுக்குரிய ஓதலொன்றை ஸ்ருவட் பிளாக்பேண் என்னும் ஆய்வாளர் பதிவுசெய்து, 2010இல் நூலாக்கினார்.

எனினும், எழுத்தில் ஏறினால் மட்டும் விழா உயிர்வாழுமோ? பயிரைப் பூச்சி முதலியவற்றினின்று காக்க வேண்டும் ‘திரீ’ விழாவை 1967 முதல் பொதுவிழாவாக ஓரிடத்திலே கூடிக் கொண்டாடும் புதுமுறை தொடங்கிற்று. யூலைத் திங்களில் நிகழும் அவ்விழாவிலே வந்தோர்க்கெல்லாம் வெள்ளரிக்காய் வழங்கப்படுகின்றது. மிதுன் மாட்டையும் வெள்ளரித் துண்டையும் விலையால் ஒப்பிட முடியாது. ஆயினும், கை நீட்டிக் கொடுப்பவரும் மகிழ்ந்து பெறுபவரும் உள்ளவரை விழாவின் உயிர் போய்விடவில்லை என்றே நாம் கொள்ளலாம்.