அவுட் ஆன பிள்ளைக்குத்தான் ஆட்டம் தேவை

சத்யஜித் ராயின் ‘அரண்யேர் தின் ராத்ரி’ (1970) படத்தில் ஒரு காட்சி. கொல்கத்தாவிலிருந்து பலாமூ காட்டுக்கு விடுமுறைக்கு வந்த நான்கு இளைஞர்களும் அங்கே பழக்கமான இரண்டு பெண்களும் வட்டமாக உட்கார்ந்து விளையாடுவார்கள். ஒருவர் ஒரு பிரபலத்தின் பெயரைச் சொல்ல, அடுத்தவர் அதுவரை வந்த பெயர்களை வரிசையாகச் சொல்லித் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ரவீந்திரநாத், கார்ல் மார்க்ஸ், கிளியோபாட்ரா என்று வரிசை நீள நீள, ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். கடைசியில் அந்தப் பெண்களில் ஒருவராக நடித்த ஷர்மிளா தாகூர் வேண்டுமென்றே விட்டுக்கொடுப்பார்.

மொழி வகுப்புகளிலும் இந்த ஆட்டம் பிரபலம். பெயர்களுக்குப் பதில் புதுச் சொற்கள், அவ்வளவுதான். பிள்ளைகள் குஷியாக இருப்பதால் சொல் மனதில் நிற்கிறது என்று நினைக்கிறோம். குஷி பிள்ளைகளை உட்கார வைக்கும்; சொல்லைப் பதிய வைப்பது, நினைவைத் துழாவி அதை வெளியே எடுக்கும் பாடு.

இதை அமெரிக்க உளவியலாளர்கள் கார்ப்பிக், ரோடிகர் இருவரும் 2008-இல் சோதித்தார்கள். கல்லூரி மாணவர்களுக்கு 40 ஸ்வாஹிலிச் சொற்களைப் பொருளோடு கொடுத்தார்கள். ஒரு சொல்லைச் சரியாகச் சொன்ன பிறகும் ஒரு பிரிவினரிடம் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இன்னொரு பிரிவினர் அதைப் படிக்க மட்டும் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து முதல் பிரிவுக்குச் சுமார் 80 சதவீதம் நினைவிருந்தது, மற்றதற்கு 36. வேடிக்கை என்னவென்றால், எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டிக் கேட்டபோது இரு பிரிவினருமே ஏறக்குறைய பாதி என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

இந்தக் கணக்கை வட்ட ஆட்டத்தில் போட்டுப் பார்க்கலாம். ஆறு பேர், இரண்டு சுற்று, பன்னிரண்டு சொற்கள். முதல் சொல் அதன் பிறகு பதினோரு முறை ஒலிக்கிறது. கடைசிச் சொல் ஒருமுறைகூடத் திரும்ப வருவதில்லை. மூன்றாவது சொல்லிலேயே தடுமாறியவன் அவுட். மீதி நேரமெல்லாம் அவன் பார்வையாளன். யாருக்குப் பயிற்சி அதிகம் வேண்டுமோ அவனுக்குத்தான் மிகக் குறைவாகக் கிடைக்கிறது.

சரிசெய்வது எளிது. அவுட் என்பதை எடுத்துவிடுங்கள். தடுமாறினால் முதல் எழுத்தைச் சொல்லிக்கொடுங்கள். ஒருவர் வாய் திறக்கும் முன் எல்லோரும் வரிசையைத் தாளில் எழுதட்டும். அடுத்த சுற்றைக் கடைசிச் சொல்லிலிருந்து தொடங்குங்கள்.

எந்தச் சொற்களைக் கொடுப்பது என்பதிலும் சூட்சுமம் உண்டு. தென்னிந்தியர்கள் நிறைய வாழும் கொல்கத்தா லேக் மார்க்கெட் பகுதிக்குப் புதிதாகக் குடிவந்த தமிழ்க் குழந்தைக்கு வங்காளம் கற்பிக்கிறோம் என்று வையுங்கள். பேகுன் என்றால் கத்தரிக்காய், ஆலு என்றால் உருளைக்கிழங்கு, பெயாஜ் என்றால் வெங்காயம் எனக் காய்கறிப் பட்டியலை ஒரே நாளில் கொடுக்கத் தோன்றும். ஆனால் ஒரே இனத்துப் புதுச் சொற்கள் ஒன்றோடொன்று குழம்பி, கற்க அதிக நேரம் பிடிப்பதை மொழி கற்றல் ஆய்வாளர் தாமஸ் டிங்கம் 1990-களில் காட்டினார். ஒரே காட்சியில் சேர்ந்து வரும் சொற்கள் சுலபமாகப் பதிந்தன. எனவே மீன் சமையலை எடுத்துக்கொள்ளுங்கள்: மாச் என்றால் மீன், ஹொலுத் மஞ்சள், நுன் உப்பு, கொரோம் சூடு. மீனும் உப்பும் பொருள்கள், மஞ்சள் நிறமும்கூட, சூடு தன்மை. குழப்பிக்கொள்ள இடம் குறைவு.

இதே சொற்களை மறுநாளும் அடுத்த வாரமும் முன்னறிவிப்பில்லாமல் ஆட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். பாதி மறந்த நிலையில் தேடி எடுத்த சொல்தான் நாள்படத் தங்கும். வகுப்பு எவ்வளவு கலகலத்தது என்பதைவிட, ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை முறை தானாக நினைவுபடுத்திச் சொன்னது என்று எண்ணுங்கள். ஆட்டத்துக்கு மதிப்பெண் போட அந்த எண்ணிக்கை போதும்.